வில்லுக்குறியிலிருந்து நாகர்கோவிலுக்கு தினமும் சைக்கிள்: பையில் லேப்டாப், வீட்டில் பழைய கம்ப்யூட்டர்

வில்லுக்குறி_கணக்கன் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். சைக்கிளில் ஆபீஸ் போக ஆசைப்படுகிறேன். வீடு வில்லுக்குறி, வேலை நாகர்கோவில் செட்டிகுளம் பக்கம் ஒரு ஆடிட்டர் ஆபீசில், ஒரு வழிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வரும். இத்தனை காலமும் பைக்தான். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, உடம்பை அசைத்தே ஆகணும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தம்பி வளைகுடாவுக்குப் போனபிறகு அவன் சைக்கிள் திண்ணையில் சும்மா நிற்கிறது, பெட்ரோல் செலவு வேற, எல்லாம் சேர்ந்து மனசு சைக்கிள் பக்கம் போய்விட்டது.

வீட்டில்தான் பயம். தோட்டியோடு, சுங்கான்கடை, அப்புறம் பார்வதிபுரம் வரை அந்த ரோடு எப்படி என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். வளைவும் நெளிவும், ஓரத்தில் சைக்கிளுக்கு இடம் கிடையாது, திருவனந்தபுரம் பஸ்ஸும் கல்லு, எம்சாண்டு ஏற்றிய டாரஸ் லாரியும் அதே ரோட்டில்தான்.

இரண்டாவது கவலை பையில் இருக்கிற லேப்டாப். எங்களிடம் கணக்கு கொடுக்கிற பார்ட்டிகளின் டாலி (கணக்கு எழுதுகிற சாஃப்ட்வேர்) ஃபைல், பான், ஆதார் ஸ்கேன், ஜிஎஸ்டி லாகின் எல்லாம் அதற்குள். சில நாள் அவர்களுடைய டிஎஸ்சி டோக்கனும் பையில் இருக்கும், அதுதான் ரிட்டர்னில் கையெழுத்துப் போட மாட்டுகிற யுஎஸ்பி. குலுக்கல், மழை, திருட்டு எதற்கு எப்படிப் பாதுகாப்பது?

மூன்றாவது, வீட்டு டெஸ்க்டாப். விண்டோஸ் 10. ஞாயிற்றுக்கிழமை நானும் அதில் கொஞ்சம் வேலை பார்ப்பேன், மற்ற நேரம் பிள்ளைகள் விளையாட்டு, அப்பா தம்பியோடு பேசுவது. சப்போர்ட் முடிந்துவிட்டது என்று திரையில் வந்துகொண்டே இருக்கிறது. ஒரு நல்ல ஆன்ட்டிவைரஸ் வாங்கிப் போடு போதும் என்கிறார் ஒருவர், அது போதுமா? தினமும் சைக்கிள் ஓட்டுகிறவர்களும் கம்ப்யூட்டர் வேலை தெரிந்தவர்களும் அவரவர் அனுபவத்தைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

பார்வதிபுரம்_பெடல்:

தாராளமாகப் போகலாம் தம்பி. இதே ரோட்டில் பல வருசமாக சைக்கிளில் போய்வருகிறவன் நான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் நேரம். ஸ்கூல் வேன்களும் காலேஜ் பஸ்ஸுகளும் ஒன்றாக இறங்குகிற அந்த ஒரு மணி நேரத்தைத் தவிர்த்தாலே பாதி ஆபத்து குறைந்துவிடும். ஏழேகாலுக்கு வீட்டை விட்டுவிடுங்கள். ஆபீஸ் திறக்குமுன் போய்ச் சேர்ந்து, முகம் கழுவி, சட்டை மாற்றி, ஒரு டீ குடிக்க நேரம் இருக்கும். அடுத்தது வழி. முழுக்க மெயின் ரோட்டிலேயே போகணும் என்று ஒன்றுமில்லை. சுங்கான்கடை, ஆளூர் பக்கத்து உள்ரோடுகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவசரமில்லாமல் ஓட்டிப் பாருங்கள். தூரம் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. பார்வதிபுரத்தில் மேம்பாலத்தில் ஏறவே வேண்டாம், கீழே போங்கள். 2018ல் அந்தப் பாலம் திறந்தபிறகு வேகமாகப் போகிற வண்டியெல்லாம் மேலே போய்விடுகிறது, கீழே நெரிசல் இருக்கும், ஆனால் எல்லாரும் மெதுவாக வருவார்கள்.

ஓரத்தை ஒட்டி ஓட்டினால் பத்திரம் என்று வீட்டில் சொல்வார்கள். அது சரியில்லை. நம்ம ஊர் ரோட்டில் தார் முடிகிற இடத்துக்கும் மண்ணுக்கும் நடுவில் ஒரு படி மாதிரி இறக்கம் இருக்கும், மழை அரித்து வருசா வருசம் அது கூடிக்கொண்டே போகும். முன் சக்கரம் அதில் இறங்கிவிட்டால் உடனே ஹேண்டிலைத் திருப்பி மேலே ஏற்றத்தான் கை துடிக்கும். அப்போது டயர் அந்த விளிம்பில் உரசிப் பிடித்துக்கொள்ளும், ஆள் ரோட்டுப் பக்கமாகவே விழுவார். இறங்கிவிட்டால் இறங்கினபடியே மண்ணில் நேராகப் போய் நிறுத்தி, சைக்கிளைத் தூக்கி வைத்து மறுபடி ஏறுங்கள். இந்தச் சிக்கலே வராமல் இருக்க விளிம்பிலிருந்து இரண்டு மூன்று அடி உள்ளே, நேர்கோட்டில் ஓட்டுங்கள். பின்னால் வருகிறவனும் இடித்து நுழையப் பார்க்காமல் யோசித்து ஒதுங்குவான். வளைவில் எதிரே பஸ், பின்னால் லாரி இரண்டும் சேர்ந்து வருகிறது என்றால் இறங்கி நின்றுவிடுங்கள். அதில் ஒரு குறைச்சலும் இல்லை.

லாரிக்கு இடதுபக்கம் மட்டும் போகவே போகாதீர்கள், அது நின்றுகொண்டிருந்தாலும் சரி. கேபினை ஒட்டி இடதுபக்கம் நிற்கிற சைக்கிள் டிரைவர் கண்ணில் படாது, இடதுபக்கம் திரும்பும்போது பின் சக்கரம் முன் சக்கரம் போன தடத்தில் வராமல் உள்ளே அறுத்துக்கொண்டு வரும். ஜங்ஷனில் லாரிக்குப் பின்னால் நின்று புகை குடித்தாலும் பரவாயில்லை.

காற்றையும் கணக்கில் வையுங்கள். ஆனி, ஆடியில் மேற்குக் காற்று, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் போய் முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றுகிற அதே காற்றுதான். காலையில் உங்கள் முதுகைத் தள்ளிவிடும், சாயங்காலம் எதிரே நிற்கும். கியர் இல்லாத சைக்கிளில் அந்த மாதங்களில் திரும்பி வர நேரம் கூடும், அதனால் இருட்டும். லைட் இல்லாமல் போகாதீர்கள். டைனமோ மட்டும் இருந்தால் சைக்கிள் நின்றதும் விளக்கும் அணைந்துவிடும், ரோட்டைக் கடக்க நிற்கும்போதுதானே வெளிச்சம் வேண்டியிருக்கிறது, அதனால் பின்னால் பேட்டரி சிவப்பு லைட் ஒன்று கட்டாயம் மாட்டுங்கள். ஹெல்மெட் சைக்கிளுக்குச் சட்டப்படி தேவையில்லை, இந்த ரோட்டுக்குத் தேவை.

திண்ணையில் நின்ற சைக்கிள் என்கிறீர்கள். அப்படியே எடுத்து ஓட்டாதீர்கள். பிரேக் கட்டை காய்ந்து கல்லாகியிருக்கும், கேபிளுக்குள் துரு இருக்கும், டயரின் பக்கச் சுவரில் வெடிப்பு விட்டிருக்கும். கட்டை, கேபிள், டயர், ட்யூப் எல்லாம் புதுசாகப் போட்டாலும் பைக் சர்வீஸ் செலவுக்குப் பக்கத்தில் வராது. காற்று எவ்வளவு என்று டயரின் பக்கத்திலேயே எழுதியிருக்கும், கடைக்காரர் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பதை நம்பாமல் அதைப் பார்த்து அடியுங்கள். மழை நாளில் ஈர ரிம்மில் கட்டை முதலில் தண்ணீரைத்தான் துடைக்கும், அப்புறம்தான் பிடிக்கும். அதனால் வழக்கமாகப் பிடிக்கிற இடத்துக்கு ரொம்ப முன்னாலேயே லேசாகப் பிடித்துக்கொண்டே வரணும்.

---

ஓய்வு_கண்டக்டர்:

பஸ்ஸுக்குள் நின்று அந்த ரோட்டைப் பார்த்தவன் சொல்கிறேன். கறுப்புச் சட்டை, முதுகில் கறுப்புப் பை, சாயங்காலம் ஆறரை மணி. இப்படி ஒரு ஆள் சைக்கிளில் போனால் எதிரே வருகிற வண்டியின் ஹெட்லைட் கூச்சத்தில் டிரைவருக்குக் கடைசி நிமிசத்தில்தான் தெரியும். பை முதுகில் இருக்கிறதால் பின் லைட்டைக்கூட சில சமயம் அதுவே மறைக்கும். ஆகவே பையின்மேலேயே ஒளி அடித்தால் மின்னுகிற ஸ்டிக்கர் பட்டை ஒட்டுங்கள். பெடலிலும் ஒட்டுங்கள், மேலும் கீழும் ஆடுகிற வெளிச்சம் சட்டென்று கண்ணில் படும்.

ஸ்டாப்பில் நிற்கிற பஸ்ஸுக்கு இடதுபக்கமாக நுழையாதீர்கள், படியிலிருந்து இறங்குகிறவர் உங்கள்மேல்தான் இறங்குவார். பின்னால் நில்லுங்கள், பஸ் கிளம்பட்டும். தினமும் சைக்கிள்தான் என்று வைராக்கியமும் வேண்டாம் மக்களே, ஐப்பசி கார்த்திகையில் வானம் இருண்டு வந்தால் சைக்கிளை ஆபீசிலேயே பூட்டிவிட்டு பஸ் ஏறிவிடுங்கள். மறுநாள் காலையில் பஸ்ஸில் போய் சாயங்காலம் எடுத்து வரலாம்.

---

மார்த்தாண்டம்_சர்வீஸ்:

கம்ப்யூட்டர் பகுதிக்கு நான் வருகிறேன், என் வேலையே அதுதான்.

லேப்டாப்பைப் பையில் வைக்குமுன் ஷட்டவுன் செய்யுங்கள். மூடியை மட்டும் மூடினால் அது ஸ்லீப்பில்தான் இருக்கும், பைக்குள் தானாக முழித்துக்கொண்டு சூடாகிக் கிடக்கும். பழைய மாடல் ஹார்ட்டிஸ்க் என்றால் இன்னும் மோசம், உள்ளே தட்டு சுற்றிக்கொண்டிருக்கும்போது பள்ளத்தில் இறங்கினால் ஹெட் தட்டில் உரசும். எஸ்எஸ்டியில் அசைகிற பாகம் இல்லை, அந்தப் பயம் வேண்டாம். கேரியரில் கட்டாமல் முதுகில் மாட்டுங்கள், பாதிக் குலுக்கலை உடம்பு வாங்கிக்கொள்ளும். சார்ஜரை லேப்டாப்போடு ஒரே அறையில் திணிக்காதீர்கள். எங்கள் கடைக்கு டிஸ்ப்ளே உடைந்து வருகிற லேப்டாப்புகளில் பல கீழே விழுந்தவையே அல்ல, பைக்குள் சார்ஜர் கட்டி திரையை அழுத்தியதால் வந்தவை.

மழைக்கு, பையின் மேல் உறையை மட்டும் நம்ப வேண்டாம். முதுகோடு ஒட்டுகிற பக்கம் திறந்துதான் இருக்கும், சட்டை வழியாக இறங்குகிற தண்ணீர் அங்கேதான் ஊறும். கெட்டியான பாலித்தீன் கவரில் லேப்டாப்பைப் போட்டு வாயை மடித்து, அப்புறம் பையில் வையுங்கள். நனைந்துவிட்டால் வேலை செய்கிறதா என்று ஆன் செய்து பார்க்கக் கூடாது, சார்ஜரும் மாட்டக் கூடாது. அரிசியில் புதைப்பதும் உதவாது. கவிழ்த்து வைத்துவிட்டு, பக்கத்தில் யார் கழற்றித் துடைப்பார்களோ அவர்களிடம் கொண்டுபோங்கள்.

திருட்டு போனால் லேப்டாப்பின் விலை ஒரு நட்டம்தான், உள்ளே இருக்கிற பார்ட்டிகளின் பேப்பர்தான் பெரிய நட்டம். லாகின் பாஸ்வேர்டு இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்காதீர்கள். டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டினால் எல்லா ஃபைலும் திறக்கும். அதற்குத்தான் என்கிரிப்ஷன், அதாவது கீ இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி டிஸ்க்கையே பூட்டுவது. உங்களுடையது விண்டோஸ் ப்ரோ என்றால் பிட்லாக்கர் இருக்கும், ஹோம் என்றால் செட்டிங்சில் டிவைஸ் என்கிரிப்ஷன் இருக்கிறதா என்று பாருங்கள். ஆன் செய்தால் 48 இலக்க ரெக்கவரி கீ கிடைக்கும். அதை பிரின்ட் எடுத்து வீட்டு பீரோவில் வையுங்கள், பையில் வேண்டாம். அந்தக் கீயைத் தொலைத்தால் எங்களாலும் ஒன்றும் செய்ய முடியாது.

டிஎஸ்சி டோக்கனைப் பற்றி அழுத்திச் சொல்கிறேன். பல ஆபீஸ்களில் டோக்கன்மேலேயே பார்ட்டி பேரும் பின் நம்பரும் ஸ்டிக்கரில் ஒட்டியிருக்கும். 2000ம் வருசத்து தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி அந்தக் கையெழுத்து பேனாவால் போட்ட கையெழுத்துக்குச் சமம். ஸ்டிக்கர் ஒட்டின டோக்கன் ரோட்டில் விழுந்தால் கையெழுத்துப் போட்ட வெற்றுக் காகிதம் ரோட்டில் கிடக்கிறதற்குச் சமம். டோக்கன் ஆபீஸ் அலமாரியில் பூட்டோடு இருக்கட்டும், பின் நம்பர் வேறு இடத்தில் இருக்கட்டும், சைக்கிளில் அது வர வேண்டிய தேவையே இல்லை.

வீட்டு மெஷின். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14ல் சப்போர்ட்டை நிறுத்திவிட்டது. மெஷின் ஓடும், ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கிற ஓட்டைகளை அடைக்க ஆள் இல்லை. ஆன்ட்டிவைரஸ் வாங்கினால் அந்த ஓட்டை அடையாது. 2017 மே மாதம் வான்னாக்ரை என்கிற வைரஸ் பரவி உலகம் பூரா ஆஸ்பத்திரி, கம்பெனி எல்லாம் முடங்கியது ஞாபகம் இருக்கும். அது புகுந்த ஓட்டைக்கு மைக்ரோசாப்ட் மார்ச்சிலேயே அப்டேட் விட்டிருந்தது, போடாத மெஷின்கள்தான் மாட்டின. நீட்டித்த பாதுகாப்பு அப்டேட் என்று வீட்டு மெஷின்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை ஒரு வழி வைத்திருக்கிறார்கள், செட்டிங்சில் அப்டேட் பக்கத்திலேயே சேரலாம், மைக்ரோசாப்ட் அக்கவுன்ட் வேண்டும். அது தற்காலிகம்தான். விண்டோஸ் 11க்குப் போக டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு வசதி மெஷினில் வேண்டும், இன்டெல் பிராசசர் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையும் அதற்கு மேலும். அதோடு, காசு கொடுத்து ஆன்ட்டிவைரஸ் வாங்கணும் என்பதில்லை, விண்டோசிலேயே இருக்கிற டிஃபெண்டர் போதும். ஒருபக்கம் ஆன்ட்டிவைரஸை வாங்கிப் போட்டுவிட்டு இன்னொரு பக்கம் விண்டோசை ஓசியில் ஆக்டிவேட் பண்ண எங்கிருந்தோ ஒரு ஃபைலை இறக்கி ஓடவிடுகிறார்கள், வைரஸ் வருகிற பெரிய வாசலே அதுதான்.

பிள்ளைகளுக்கும் அப்பாவுக்கும் தனித்தனியாக ஸ்டாண்டர்டு யூசர் அக்கவுன்ட் போடுங்கள், அட்மின் பாஸ்வேர்டு உங்களிடம் மட்டும் இருக்கட்டும். விளையாட்டுக்கு எதையாவது இறக்கி அவர்கள் தட்டினாலும் பெரும்பாலானவற்றை மெஷின் உங்கள் பாஸ்வேர்டு கேட்காமல் இன்ஸ்டால் செய்யாது. அப்புறம் பேக்கப். எக்ஸ்டர்னல் ஹார்ட்டிஸ்க்கில் எடுத்து, எடுத்ததும் கழற்றி வையுங்கள். மாட்டியே விட்டால், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கிற ரான்சம்வேர் வருகிறபோது அதையும் சேர்த்தே பூட்டிவிடும். இடி மின்னலுக்கும் அதே கதி. சித்திரை, ஐப்பசி இடிக்கு சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்கணும், நெட் கேபிளையும் கழற்றணும். 2017ல் ஒக்கிப் புயலுக்கப்புறம் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் இருந்து, திரும்ப வந்தபோது ஏறி இறங்கின வோல்டேஜில் போன மெஷின்கள் எங்கள் கடைக்கு நிறைய வந்தன.

---

இரணியல்_டீச்சர்:

சைக்கிள், கம்ப்யூட்டர் இரண்டிலும் எனக்குச் சொல்ல இருக்கிறது.

நான் பள்ளிக்கு உள்ரோட்டில், வாழைத்தோட்டங்களுக்கு நடுவே சைக்கிளில்தான் போகிறேன். அங்கே லாரி கிடையாது, நாய் உண்டு. துரத்தினால் வேகமாக மிதிக்க வேண்டாம், இறங்கி நின்று, சைக்கிளை நமக்கும் நாய்க்கும் நடுவில் வைத்துக்கொண்டு மெதுவாக நடந்தால் பெரும்பாலும் விட்டுவிடும். கடித்துவிட்டால் சின்னக் கீறலாக இருந்தாலும் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு அன்றைக்கே தடுப்பூசிக்குப் போய்விடணும். படிக்கிற பெண்பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை, ஷாலைக் குறுக்கே கட்டி முடிச்சுப் போடுங்கள், செயினுக்கு முழு மூடி இருக்கிற சைக்கிளாகப் பார்த்து வாங்குங்கள்.

கணக்கன் தம்பி, உங்கள் அப்பாவும் அந்தக் கம்ப்யூட்டரைத் தொடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். நம் மாவட்டத்தில் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, வயதானவர்கள் தனியாகக் கம்ப்யூட்டர் முன்னால் இருக்கிற வீடுகள் நிறைய. எங்கள் மாமனார் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது திடீரென்று திரை முழுக்கச் சிவப்பாகி, சைரன் சத்தத்தோடு, உங்கள் கம்ப்யூட்டர் முடக்கப்பட்டது, உடனே இந்த எண்ணுக்குப் பேசுங்கள் என்று ஒரு பெண் குரல் திரும்பத் திரும்பச் சொன்னது. மவுசை அசைத்தாலும் மூடுகிற பட்டன் தெரியவில்லை. அவர் கை நடுங்கி போனை எடுத்துவிட்டார். நான் போய் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை நிறுத்தினேன், அவ்வளவுதான், எல்லாம் மறைந்தது. அது வெறும் ஒரு இணையப் பக்கம். மைக்ரோசாப்ட் தன் எச்சரிக்கைகளில் போன் நம்பர் போடுவதே இல்லை. அந்த எண்ணுக்குப் பேசியிருந்தால் எனிடெஸ்க் மாதிரி ஒன்றைப் போடச் சொல்லி, மெஷினையே கையில் எடுத்துக்கொண்டு, பேங்க் பக்கத்தைத் திறக்கச் சொல்லியிருப்பார்கள்.

இதே போலத்தான் போலீஸ் பேசுகிறேன், டிஜிட்டல் அரெஸ்ட் என்று வீடியோவில் வந்து மிரட்டுவதும். நம் சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. கல்யாணப் பத்திரிகை, வண்டி அபராதம் என்று வாட்சாப்பில் வருகிற ஏபிகே ஃபைலையும் (தொட்டால் போனில் ஆப் ஏற்றுகிற ஃபைல்) தொடக் கூடாது. பணம் போய்விட்டால் அடுத்த நாள் பார்க்கலாம் என்று இருக்காமல் உடனே 1930க்குக் கூப்பிடணும், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணம் அடுத்தடுத்த கணக்குக்கு மாறுமுன் நிறுத்தி வைக்க வழி இருக்கிறது. இந்த எண்ணைப் பெரிதாக எழுதி கம்ப்யூட்டர் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். இன்னொன்று, பெரியவர்களைத் திட்டாதீர்கள். ஒருமுறை திட்டு வாங்கினால் அடுத்தமுறை நடந்ததை மறைத்துவிடுவார்கள், அப்போது நேரம் போய்விடும். போனை வைத்துவிட்டு என்னைக் கூப்பிடுங்க மாமா, எந்த நேரமானாலும் பரவாயில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன், அவரும் கூப்பிடுகிறார்.

---

வில்லுக்குறி_கணக்கன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சைக்கிள் நாளைக்கே கடைக்குப் போகிறது. டோக்கன் விசயத்தை ஆபீசில் சொல்லிவிட்டேன், சாரும் சரி என்றார். சர்வீஸ் அண்ணன், டெஸ்க்டாப் இன்டெல் நாலாம் தலைமுறை, ஆகவே விண்டோஸ் 11 இல்லை. விண்டோசுக்குப் பதில் லினக்ஸ் போடலாம் என்கிறார்கள். டாலி ஓடுமா? வீட்டில் வேறு யாருக்கும் லினக்ஸ் பழக்கமில்லை.

---

மார்த்தாண்டம்_சர்வீஸ்:

டாலி லினக்ஸில் நேரடியாக ஓடாது. சுற்றி வளைத்து ஓடவைக்கிறவர்கள் உண்டு, கணக்கு விசயத்தில் அந்த வம்பு வேண்டாம். டாலி லேப்டாப்பில் மட்டும் இருக்கட்டும், பிள்ளைகள் விளையாடுகிற மெஷினில் பார்ட்டி கணக்கு இருக்கவே கூடாது என்பதற்கும் அதுதான் நல்லது. டெஸ்க்டாப்புக்கு லினக்ஸ் மின்ட் போடுங்கள், நாலாம் தலைமுறைக்கு நன்றாகவே ஓடும். பழக்கமில்லை என்று யோசிக்க வேண்டாம். 2011லிருந்து அரசு பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோசோடு பாஸ் என்கிற ஒரு லினக்ஸும் இருந்தது, உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ யாராவது அதைப் பார்த்திருப்பார்கள். அப்பாவுக்கு வேண்டியது பிரவுசர்தான், அது இரண்டிலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பிள்ளைகளின் சில விளையாட்டுகள் ஓடாது, அதை முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

உடனே இன்ஸ்டால் செய்யாதீர்கள். பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே மெஷினைக் கிளப்பினால் டிஸ்க்கைத் தொடாமல் முழு மின்ட்டும் ஓடும். அப்படி ஒரு வாரம் அப்பாவை உட்கார வைத்து, கேமரா, மைக், பிரின்டர், வைஃபை எல்லாம் எடுக்கிறதா, தம்பியிடம் பேச முடிகிறதா என்று பாருங்கள். எல்லாம் சரி என்றால் போட்டோ, பழைய கணக்கு எல்லாவற்றையும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் எடுத்து, அதிலிருந்து நாலைந்து ஃபைலை லேப்டாப்பில் திறந்து பார்த்து உறுதிசெய்தபிறகு இன்ஸ்டால் கொடுங்கள். இன்ஸ்டால் செய்யும்போது டிஸ்க்கை அழித்துப் போடவா என்று கேட்கும், அந்த இடத்தில் எக்ஸ்டர்னல் டிஸ்க் மெஷினில் மாட்டியிருக்கக் கூடாது.

---

பார்வதிபுரம்_பெடல்:

சைக்கிள் கடையில் விடும்போது செயினையும் பார்க்கச் சொல்லுங்கள் தம்பி, கடல் காற்றில் சும்மா நின்றாலே கண்ணிக்குக் கண்ணி துருப்பிடித்து இறுகியிருக்கும். எண்ணெய் விட்டு சரியாகவில்லை என்றால் மாற்றிவிடுங்கள், ஏற்றத்தில் எழுந்து மிதிக்கும்போது செயின் அறுந்தால் நேரே ஹேண்டில்மேல் போய் விழணும். முதல் வாரம் லேப்டாப் இல்லாமல் வெறும் சாப்பாட்டுப் பையோடு போய்வாருங்கள், ரோடு கைக்கு வரட்டும். ஞாயிற்றுக்கிழமை வழி பார்க்கக் கிளம்புகிறீர்கள் என்றால் இங்கே ஒரு வார்த்தை எழுதுங்கள், சுங்கான்கடை வரை நான் எதிரே வந்து உள்ரோட்டைக் காட்டித் தருகிறேன்.